பவர் அதிகமான ரியர் வீல் கார்: ஸ்டார்ட் லைன்ல டயர் சும்மா சுத்துது, என்ன பண்ணலாம்?

சும்மாசுத்தும்டயர்:
கிரான் டூரிஸ்மோ 7, அசெட்டோ கோர்சா ரெண்டு ரேஸ் கேம்லயும், ரியர் வீல் (பின் சக்கரத்துக்கு மட்டும் பவர் போற) கார்னா ஒரே பிரச்சினை. கன்ட்ரோலர்ல ஆடுறேன், ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் (டயர் சுத்தாம பவரைத் தானே குறைக்கிற உதவி) 0. ஸ்டாண்டிங் ஸ்டார்ட்ல (நின்ன இடத்துல இருந்து கிளம்புறது) 6,000 ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்குச் சுத்துற எண்ணிக்கை) பிடிச்சு, விளக்கு மாறினதும் முழு த்ரோட்டில் கொடுத்தா டயர் புகை கக்கிட்டு நின்ன இடத்துலயே சுத்துது, பின்பக்கம் ஒரு பக்கமா இழுக்குது. சரி, மெதுவா அழுத்துவோம்னா இன்ஜின் மூச்சு வாங்குது, பின்னாடி நிக்கிற நாலு கார் தாண்டிப் போயிடுது. ஃபெராரி எஃப்40, டாட்ஜ் வைப்பர் ரெண்டுலயும் இதே கதை. எந்த ஆர்பிஎம், எவ்வளவு த்ரோட்டில், எப்ப 2ஆம் கியர்னு சொல்லுங்க. "சாஃப்ட் டயர் மாட்டு"ன்னு மட்டும் வேணாம், ரேஸ்ல ஸ்போர்ட்ஸ் ஹார்டு டயர் தவிர வேற அனுமதி இல்ல.

டார்க்கணக்கு:
முதல்ல ஒரு கணக்கு, அது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. உதாரணத்துக்கு 1,400 கிலோ கார், 600 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினோட சுழற்று விசை), முதல் கியரும் ஃபைனல் டிரைவும் (கியர்பாக்ஸுக்கு அப்புறம் வர்ற கடைசிப் பல்சக்கரம்) சேர்ந்து 11 மடங்கு, சக்கரத்தோட ஆரம் 0.33 மீட்டர். 600 × 11 ÷ 0.33 = 20,000 நியூட்டன் விசை பின் டயருக்கு வருது. கிளம்பும்போது எடை பின்னால சாஞ்சு 65 சதவீதம் பின் டயர் மேல உக்காருதுன்னு வைங்க. அது 910 கிலோ, ஏறக்குறைய 8,900 நியூட்டன். உராய்வுக் கெழு 1.1ன்னா அந்த டயர் தாங்குறது 9,800 நியூட்டன்தான். அதாவது இன்ஜின் கொடுக்கிறதுல பாதிக்கு மேல தரைக்குப் போகவே போகாது. மிச்சம் எல்லாம் புகை.

அதுக்காக டயர் சுத்தவே கூடாதுன்னு இல்ல. உச்ச பிடி கிடைக்கிறது சுமார் 10-15 சதவீத வழுக்கல்ல. கார் 40 கிலோமீட்டர் வேகத்துல போனா சக்கரம் 44-46 வேகத்துல சுத்தணும். காதுக்கு இது லேசான முனகலாக் கேக்கும். சத்தமே இல்லைன்னா நேரத்தை விட்டுட்டு இருக்கீங்க, விடாம கத்துதுன்னா அளவு மீறிடுச்சு.

செய்முறை இப்படி. வைப்பர்ல டர்போ கிடையாது, 8 லிட்டர் வி10க்கு கீழ் ஆர்பிஎம்லயே டார்க் இருக்கு, அதனால 2,500-3,000 போதும். எஃப்40 வேற ஜாதி: 2.9 லிட்டர், ரெண்டு டர்போ, டார்க் உச்சம் 4,000 ஆர்பிஎம்ல. அதுக்குக் கீழ பிடிச்சா நீங்க சொன்ன மூச்சு வாங்கல், மேல பிடிச்சா பூஸ்ட் (டர்போ கொடுக்கிற கூடுதல் தள்ளு) மொத்தமா டயர் மேல வந்து விழும். 4,000 பக்கத்துல வைங்க. விளக்கு மாறினதும் த்ரோட்டில் 40 சதவீதம். சத்தம் முனகலுக்கு இறங்குற வரைக்கும், தோராயமா ஒரு விநாடி, அங்கேயே நிக்கணும். அப்புறம் வேகம் ஏற ஏறக் கூட்டுங்க. எஃப்40ல பூஸ்ட் ஏறும்போது விரலை அசைக்காமலே டார்க் கூடும், அந்த இடத்துல கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும்.

எல்லாரும் கெடுக்கிற இடம் ஒண்ணு இருக்கு: டயர் சுத்தினதும் பயந்து த்ரோட்டிலை முழுசா விட்டுடுறது. முழுசா விட்டா எடை முன்னால சாயும், பின் டயர் பிடி குறையும், ஆர்பிஎம்மும் விழும். 10 சதவீதம் மட்டும் குறைங்க. இன்னும் அடங்கலைன்னா லிமிட்டர் (ஆர்பிஎம்மோட உச்ச வரம்பு) வரை காத்திருக்காம 2ஆம் கியர் போடுங்க. முதல் கியர் 2.8, ரெண்டாவது 1.8ன்னா சக்கரத்துக்குப் போற விசை ஒரே நொடியில மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிடும்.

விரல்நுனி:
மேல சொன்னது சரி, ஆனா கன்ட்ரோலர்ல 40 சதவீதம்னு சொல்றது சுலபம், பிடிக்கிறது கஷ்டம். ட்ரிகரோட (த்ரோட்டில் கொடுக்கிற பட்டன்) மொத்தப் பயணமே ரொம்பக் கொஞ்சம்தான். விரல் நுனியால அழுத்தாம நடு மூட்டுக்குப் பக்கத்துல வைங்க, அளவு நல்லா கைக்கு வரும். கேம்ல டெட்சோன் (அழுத்தினாலும் கேம் கண்டுக்காத பகுதி) அமைப்பு இருந்தா உள்பக்கம் 0, வெளிப்பக்கம் 100ன்னு வைக்கணும். வெளிப்பக்கம் குறைவா இருந்தா பாதி அழுத்தினதுமே முழு த்ரோட்டிலா எண்ணிக்கும். திரையில த்ரோட்டில் பட்டை காட்டுற கேம்னா ரெண்டு நாள் அதைப் பார்த்தே பழகுங்க.

பின்பக்கம் ஒரு பக்கமா இழுக்கிறதுக்குப் பெரும்பாலும் ஸ்டியரிங் ஸ்டிக்கைப் பிடிக்கிற இடது கட்டைவிரல்தான் காரணம். டயரோட பிடி ஒரே பானைச் சோறு மாதிரி, பக்கவாட்டுக்குக் கொஞ்சம் எடுத்தா முன்னால தள்ள அவ்வளவு குறையும். கார் நேரா நின்னா ஸ்டிக்கைத் தொடாதீங்க.

ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை கிரான் டூரிஸ்மோ 7ல ஓட்டத்துக்கு நடுவுலயே மாத்தலாம். கிளம்ப 2, முதல் வளைவுக்கு முன்னாடி 0. இது தெரிஞ்சும் 0லயே கிளம்புறது வீம்புன்னுதான் சொல்வேன்.

நீளமுதல்கியர்:
ரெண்டாவது கியர்லயே கிளம்பிடுங்கன்னு யாராவது வந்து சொல்றதுக்குள்ள சொல்லிடுறேன்: வைப்பருக்கு ஓகே, எஃப்40க்கு வேண்டாம். டர்போ முழிக்கிறதுக்குள்ள ரேஸ் போயிடும்.

அதை விட கியர் விகிதத்தை மாத்த அனுமதி இருந்தா முதல் கியரை நீளமாக்குங்க. 3.2ல இருந்து 2.8 ஆக்கினா விசை எட்டுல ஒரு பங்கு குறையும், த்ரோட்டிலை அளந்து கொடுக்கிறதும் அந்த அளவுக்கு எளிதாகும். பின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் மென்மையாக்கினா விசை அடியா இறங்காம படிப்படியா இறங்கும். ஆனா ரொம்ப மென்மையாக்கினா வளைவுல அதுக்கு விலை கொடுக்கணும், ஒரு ஸ்டார்ட்டுக்காக 10 சுற்றைக் கெடுத்துக்காதீங்க. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்ல (ரெண்டு சக்கரத்துக்கும் விசையைப் பங்கு பிரிக்கிற பாகம்) ஆக்ஸிலரேஷன் அமைப்பைக் கூட்டினா ஒரு சக்கரம் மட்டும் தனியாச் சுத்துறது நிக்கும். அளவுக்கு மேல கூட்டினா ரெண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்கும், அப்ப பின்பக்கம் சடார்னு விலகும்.

சும்மாசுத்தும்டயர்:
4,000, 40 சதவீதம் வேலை செய்யுது, நன்றி. இன்னொரு கேள்வி. நிசான் ஜிடி-ஆர்ல இதே முறையில கிளம்பினா படுத்துடுது, ஏன்? ஃபார்முலா 1 கேமுக்கும் இதேதானா?

டார்க்கணக்கு:
ஜிடி-ஆர் நாலு சக்கர டிரைவ். 65 சதவீதம் இல்ல, காரோட முழு எடையும் இழுக்கிற சக்கரங்கள் மேல இருக்கு. பிடி அதிகம், டயர் வழுக்காது, அதனால ஆர்பிஎம் தடால்னு விழுந்து இன்ஜின் திணறும். 5,000க்கு மேல பிடிச்சு முழுசாக் கொடுங்க. முன் சக்கர டிரைவ் இதுக்கு நேர் எதிர்: எடை இழுக்கிற சக்கரத்தை விட்டு ஓடுது, பவர் கம்மியா இருந்தாலும் வைப்பரை விட மென்மையாத் தொடங்கணும். போர்ஷே 911லயும் பல மாடல் ரியர் வீல்தான், ஆனா இன்ஜினே பின் அச்சுக்குப் பின்னால உக்காந்திருக்கு, இன்னும் 10 சதவீதம் தைரியமாக் கொடுக்கலாம்.

ஃபார்முலா 1ல சிவப்பு விளக்கு 5ம் எரிஞ்சு முடிஞ்சு, மொத்தமா அணையும்போது கிளம்பணும். கேம்ல கிளட்ச் பட்டனை அழுத்திப் பிடிச்சு, த்ரோட்டிலால ஆர்பிஎம்மை நடுவுல நிலையா வெச்சு, விளக்கு அணைஞ்சதும் பட்டனை விடுங்க. விட்டதும் த்ரோட்டிலைத் தூக்கக் கூடாது, இருந்த இடத்துல இருந்து 2ஆம் கியர் வரைக்கும் மெல்ல மெல்ல ஏத்திக்கிட்டே போங்க.

விரல்நுனி:
ஒண்ணு விட்டுப் போச்சு. எது வேகம்னு ஒப்பிடும்போது 0-100 நேரத்தை மட்டும் நம்பாதீங்க. கேமைப் பொறுத்து ஸ்பீடோமீட்டர் சக்கர வேகத்தைக் காட்டும், சுத்துற டயர் 100ஐ முன்னாடியே தொட்டுடும். ரீப்ளேயில ஓரத்துல இருக்கிற ஒரு பலகையைக் குறிச்சு வெச்சு, அதைத் தாண்டுற நேரத்தை எடுங்க.