சோனோமாவுக்கு 53 அடி ரேஸ் டிரெய்லர்: நீளக் கணக்கு எங்கே இடிக்கும்?

வளைவு7

வணக்கம். வட கரோலினாவில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கிளப் ரேஸ் ஓட்டுகிறோம். மொத்தம் இரண்டு கார். இதுவரை ஆளுக்கொரு பிக்கப், பின்னால் ஒரு 24 அடி டிரெய்லர் என்று காலம் ஓடிவிட்டது. அடுத்த சீசனில் ஒருமுறையாவது கலிஃபோர்னியாவில் இருக்கும் சோனோமா ரேஸ் டிராக் வரை போய் ஓட்டிவிட்டு வர ஆசை. அதற்காக ஒரு பழைய ஸ்டாக்கர் டிரெய்லர் தேடுகிறோம். மேல் தட்டில் இரண்டு கார், கீழே டூல்பாக்ஸும் டயரும், முன்னால் ஒரு சின்ன லவுஞ்ச், பின்னால் லிஃப்ட்கேட்.

இரண்டு அமைந்திருக்கின்றன. ஒன்று பக்கத்து ஊரில், 53 அடி. இன்னொன்று டெக்ஸஸில், 57 அடி, விலையும் குறைவு. விற்பவர் "இங்கே 59 அடி வரை சட்டப்படி ஓட்டலாம், ஒருத்தனும் என்னை நிறுத்தியதில்லை" என்கிறார். இழுப்பதற்கு ஒரு டோட்டர்ஹோம், அதாவது வீடு மாதிரி கேபின் வைத்த இழுவண்டி, பார்த்து வைத்திருக்கிறோம். உள்ளே நாலு பேர் படுக்கலாம், கேபினுக்குப் பின்னால் பிட் பைக் நிறுத்த ஒரு மேடையும் இருக்கிறது.

மொத்த நீளம் 65 அடியைத் தாண்டக்கூடாது என்கிறார் ஒருவர். வரம்பே கிடையாது என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே அனுபவஸ்தர்கள், இரண்டு பேருமே அடித்துச் சொல்கிறார்கள். சி.டி.எல். (வணிக வண்டி ஓட்டும் லைசென்ஸ்) வேண்டுமா என்பதிலும் இதே கதைதான். முன்பணம் கொடுப்பதற்குள் தெளிவாகிவிட்டால் நல்லது.

ஹைவேராஜா

57-ஐ மறந்துவிடுங்கள். 53 அடி எங்கேயும் ஓடும், ரோட்டில் பார்க்கிற சரக்கு டிரெய்லரில் பாதிக்கு மேல் அதுதானே. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

கிங்பின் சித்தப்பா

ராஜா சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியில் நான் ஒருமுறை இரண்டு மணி நேரம் மாட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பதினோரு வருடமாக ரேஸ் டீம்களுக்கு ஹாலர் ஓட்டுகிறேன்.

முதலில் அந்த 57. டெக்ஸஸில் 59 அடி வரை சரி என்று அவர் சொன்னது பொய்யில்லை. நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவிலும் 57 அடி 6 அங்குலம் வரை உண்டு. ஆனால் உங்கள் வட கரோலினாவில் 53தான். வாங்கி வீட்டு வாசலுக்குக் கொண்டு வருவதே தகராறு. விலை ஏன் குறைவு என்று இப்போது புரியும்.

65 அடி விஷயத்தில் உங்கள் இரண்டு அனுபவஸ்தர்களும் சொன்னது சரிதான், ஆனால் வேறு வேறு வண்டியைப் பற்றி. 1982-இல் வந்த மத்தியச் சட்டப்படி, இன்டர்ஸ்டேட்டும் அதோடு சேர்த்து குறிக்கப்பட்ட நெடுஞ்சாலைகளும் சேர்ந்த தேசிய வலைப்பாதையில் டிராக்டர் பிளஸ் செமிடிரெய்லருக்கு மொத்த நீள வரம்பு போட எந்த மாநிலத்துக்கும் உரிமை இல்லை. டிரெய்லரின் நீளத்தைத்தான் கட்டுப்படுத்தலாம், அதையும் 48 அடிக்குக் கீழே கொண்டுபோக முடியாது. இதில் டிராக்டர் என்ற சொல்லைக் கவனியுங்கள். சரக்கு ஏற்றாத இழுவண்டிக்குத்தான் அந்தப் பெயர். கேபினுக்குப் பின்னால் மேடை போட்டு பிட் பைக்கை ஏற்றினால் அது டிராக்டர் என்று வாதாட முடியாது. மோட்டர்ஹோமாகப் பதிவான டோட்டர்ஹோம் என்றாலும் இதே சங்கடம். அப்போது மாநிலத்தின் மொத்த நீளக் கணக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். கலிஃபோர்னியாவில் அது 65 அடி. 53 அடி டிரெய்லருக்கு முன்னால் டோட்டர்ஹோமை மாட்டி 65-க்குள் அடக்குவது நடக்கிற காரியமா, நீங்களே கூட்டிப் பாருங்கள்.

இனி என் கதை. அந்த ரேஸ் டீமில் நான் சேர்ந்த புதிது. கலிஃபோர்னியாவில் ஒரு எடைமேடையில் ஓரம் கட்டச் சொன்னார்கள். எடையில் ஒரு குறையும் இல்லை. அதிகாரி டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். நான் டிரெய்லரின் முன்பக்கத்திலிருந்து அளப்பார் என்று நினைத்தேன். அவர் நேராக ஃபிப்த் வீலுக்கு, அதாவது டிரெய்லரின் அடியில் உள்ள கிங்பின் என்ற ஆணி வந்து மாட்டுகிற டிராக்டர் தட்டுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். அங்கே சாக்பீஸால் தரையில் ஒரு கோடு. பிறகு கடைசி ஆக்சிலின் நடுவில் ஒரு கோடு. இடையில் 42 அடி 8 அங்குலம். "40-தானே இருக்க வேண்டும்" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

டிரெய்லர் 48 அடிக்கு மேல் 53 வரை இருந்தால், கலிஃபோர்னியாவில் கிங்பின்னிலிருந்து கடைசி ஆக்சில் வரை 40 அடிதான் அனுமதி. சரக்கு டிரெய்லர்காரர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. அவர்களுடைய பின் ஆக்சில் தண்டவாளத்தில் நகரும். பூட்டுக் கம்பியை இழுத்து, டிரெய்லரின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் ஆக்சில் முன்னுக்கு வந்துவிடும். நம் டிரெய்லரில் அதற்கு வழியில்லை. தரைக்குக் கீழே இரண்டு பக்கமும் சாமான் பெட்டிகள், பின்னால் லிஃப்ட்கேட்டின் பாரம். அதனால் ஆக்சிலைப் பின்னால் தள்ளி அசையாமல் பற்றவைத்திருப்பார்கள்.

அன்றைக்குக் காப்பாற்றியது மேனேஜர் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருந்த ஒரு தாள். மத்தியச் சட்டம் 49-ஆவது தலைப்பு, 31111-ஆவது பிரிவு. மோட்டார் பந்தயங்களுக்காகவே, அல்லது முக்கியமாக அதற்காக ஓடுகிற டிரெய்லருக்கு, கிங்பின் முதல் பின் ஆக்சிலின் நடு வரை 46 அடிக்குக் குறைவாக எந்த மாநிலமும் வரம்பு வைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஃப்ளோரிடா சட்டத்திலும் சாதாரண டிரெய்லருக்கு 41, பந்தய டிரெய்லருக்கு 46 என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். அதிகாரி தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், யாரிடமோ போனில் பேசினார். அப்புறம் ரேஸில் பதிவு செய்த சீட்டைக் கேட்டார். காட்டினேன். விட்டுவிட்டார்.

அதனால் விளம்பரத்தில் நீளம், அகலம், உயரம் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கிங்பின் அளவை எந்த விற்பனையாளரும் போடமாட்டார். கையில் டேப், சாக்பீஸ், கொத்தனார் தூக்குக்குண்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கிங்பின்னின் நடுவிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறியுங்கள். கடைசி ஆக்சிலின் ஹப் நடுவிலிருந்து இன்னொரு குறி. 46-க்குள் வந்தால் மேலே பேசுங்கள்.

இன்னொன்று. அந்த 46 அடிச் சலுகை தேசிய வலைப்பாதைக்கும் அதிலிருந்து நியாயமாக இறங்கிப் போகிற தூரத்துக்கும்தான். ரேஸ் டிராக்குகள் ஊருக்கு வெளியே, வளைந்து வளைந்து போகிற ரோட்டில் இருக்கும். கலிஃபோர்னியாவில் பச்சைப் பலகையில் 'டி' எழுத்து இருந்தால் பெரிய வண்டி டெர்மினல் வரை போகலாம். மஞ்சள் பலகையில் லாரிப் படத்தோடு 30, 32 என்று அடிக்கணக்கு இருந்தால், கிங்பின் தூரம் அதற்கு மேல் உள்ள வண்டிக்கு அந்த வளைவுகள் ஆகாது என்று அர்த்தம். அறிவுரைதான், ஆனால் மீறிப் போனால் பின் டயர் எதிர் லேனிலோ பள்ளத்திலோ தான் போகும். ஆக்சில் பின்னால் போகப் போக, வளைவில் பின் சக்கரம் அவ்வளவு உள்ளே அறுத்துக்கொண்டு வரும். சட்டம் ஏன் அந்த ஒரு அளவைப் பிடித்துத் தொங்குகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

வரிக்கணக்கு

சித்தப்பா சி.டி.எல்.லை விட்டுவிட்டார். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மதிப்பீட்டு எடை 26,001 பவுண்டோ அதற்கு மேலோ, அதில் டிரெய்லர் மட்டும் 10,000 பவுண்டுக்கு மேல் என்றால் கிளாஸ் ஏ சி.டி.எல். வேண்டும். வணிக நோக்கமில்லாமல் சொந்தச் சாமானை எப்போதாவது கொண்டுபோகிறவர்களுக்கு மத்தியப் பாதுகாப்பு விதிகளில் விலக்கு உண்டு. பொழுதுபோக்கு ரேஸ்காரர்களுக்கும் அது பொருந்தும் என்று அந்த விதிகளைப் போட்டவர்களே விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மூன்று நிபந்தனை: பரிசுப் பணத்தைச் சாதாரண வருமானமாக வரியில் காட்ட வேண்டும், ரேஸ் செலவைத் தொழில் செலவாகக் கழிக்கக் கூடாது, நிறுவன ஸ்பான்சர் இருக்கக் கூடாது. மூன்றாவதில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். டிரெய்லர் கதவில் யாருடைய கடைப் பெயராவது இருக்கிறதா? தவிர, இந்த விலக்கு கிடைத்தாலும் லைசென்ஸ் கணக்கு தனி. அதை உங்கள் மாநில லைசென்ஸ் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹைவேராஜா

சித்தப்பா, 53-ஐ வாங்கச் சொன்னது சரியாகத்தானே போச்சு :) வளைவு, திரும்பி வரும்போது சோனோமாவிலிருந்து காலியாகத்தானே வருவீர்கள்? நண்பர் ஒருவர் வீடு மாற்றுகிறார், சாமானை ஏற்றிக்கொண்டு வந்தால் டீசல் காசு தேறும்.

கிங்பின் சித்தப்பா

வேண்டாம் தம்பி. "முக்கியமாகப் பந்தயத்துக்கு" என்று சொல்லித்தான் அந்த 46 அடியை வாங்குகிறோம். கதவைத் திறந்தால் சோபாவும் ஃப்ரிட்ஜும் இருந்தால் என்ன சொல்வாய்? கூலியும் வாங்கினால் வரிக்கணக்கு சொன்ன விலக்கும் போச்சு.

நூர்பர்க் லாரி

சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவில் இந்தத் தலைவலி வேறு மாதிரி. டிராக்டரும் செமிடிரெய்லரும் சேர்ந்து 16.5 மீட்டர், அவ்வளவுதான், உயரம் 4 மீட்டர். கிங்பின்னிலிருந்து டிரெய்லரின் வால் வரை 12 மீட்டர். அதற்கு மேல், வெளிவட்டம் 12.5 மீட்டர், உள்வட்டம் 5.3 மீட்டர் ஆரம் உள்ள வளையத்துக்குள் வண்டி முழுசாகத் திரும்பியாக வேண்டும். சித்தப்பா சொன்ன உள்ளே அறுக்கிற விஷயத்தை நேரடியாகவே சோதிக்கிறார்கள். உங்கள் 53 அடிப் பெட்டி இங்கே வந்தால் நிறுத்தி வைத்து வேடிக்கை பார்க்கலாம்.

வளைவு7

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை போய் 53-ஐ அளந்துவிட்டு வந்தோம். விற்பவர் தூக்குக்குண்டைப் பார்த்ததும் "வீடா கட்டப்போகிறீர்கள்?" என்றார். மழையில் சாக்பீஸ் கோடு அழிந்து, அட்டையைப் போட்டு இரண்டாம் தடவை அளந்தோம். 43 அடி 4 அங்குலம். 46-க்குள் வந்துவிட்டது, பேசி முடித்தாயிற்று. டோட்டர்ஹோம் வேண்டாம் என்று முடிவு. ஸ்லீப்பர் வைத்த சாதாரண டிராக்டர் ஒன்றைப் பார்க்கிறோம். இரண்டு பேர் அதில், மற்ற இரண்டு பேர் பிளேனில். கிளாஸ் ஏ நான் எடுப்பதாகத் தலையில் விழுந்திருக்கிறது.

டெக்ஸஸ்காரர் நேற்றுகூட விலையைக் குறைத்து மெசேஜ் அனுப்பினார்.

வரிக்கணக்கு கேட்டது சரியாகப் போய் இடித்தது. எங்கள் காரின் கதவில் நண்பன் ஒருவனுடைய டயர் கடை ஸ்டிக்கர் இருக்கிறது. அவன் கொடுத்தது நாலே நாலு டயர். நேற்று ராத்திரி ஹேர் டிரையரை வைத்துச் சூடாக்கி உரித்துவிட்டேன். பெயிண்ட் வெளுத்திருந்ததில் கடைப் பெயர் இன்னும் நன்றாகவே வாசிக்க முடிகிறது.