முன்னால் இழுப்பதா, கடைசிச் சுற்றுக்குக் காத்திருப்பதா: நேருக்கு நேர் மோதிய பந்தயங்கள்

(ஓட்ட ஆர்வலர்கள் சிலர் மாறி மாறி எழுதியது இது; * குறிக்குப் பின் வேறொருவர் பேசுகிறார்.)

முன்னால் ஓடி வேகத்தை இழுப்பவரும் கடைசியில் பாய்பவரும் மோதிய பந்தயங்கள் என்றால், 1956-இல் குட்ஸும் பிரியும் மோதியவற்றைத்தான் முதலில் சொல்வேன். ஜூனில் பெர்கன் நகரில் 5000 மீட்டர். சோவியத் ஒன்றியத்தின் விளாடிமிர் குட்ஸ் இழுத்துக்கொண்டு ஓட, பிரிட்டனின் கோர்டன் பிரி அவர் முதுகை விடாமல் வந்து கடைசியில் முந்தினார். 13:36.8, உலக சாதனை.

நவம்பரில் மெல்போர்ன் ஒலிம்பிக், 10,000 மீட்டர். முன்னால் குட்ஸ், பின்னால் பிரி, அதே வரிசை. ஆனால் குட்ஸ் இந்த முறை ஒரே வேகத்தில் ஓடவில்லை. திடீரென்று முடுக்குவார், தளர்த்துவார், பிரி மூச்சைச் சீராக்கிக்கொள்வதற்குள் மறுபடியும் முடுக்குவார். ஒரு கட்டத்தில் 'நீ முன்னே போ' என்று கைகாட்டவும் செய்தார். பிரி ஒவ்வொரு முடுக்கத்துக்கும் ஈடுகொடுக்கப் பார்த்து, கடைசிச் சுற்றுகளில் உடைந்து எட்டாவதாக வந்தார். குட்ஸுக்கு 28:45.6-இல் தங்கம்.

முடுக்கம் இருவருக்கும் ஒரே செலவு என்று நினைக்கக் கூடாது. முன்னால் இருப்பவருக்கு அது எப்போது வரும் என்று தெரியும். பின்னால் வருபவர் பார்த்த பிறகுதான் கால் வைக்க முடியும். அதற்குள் மூன்று நான்கு மீட்டர் விலகிவிடும். அதை மூட முன்னவரைவிட வேகமாக ஓடியாக வேண்டும். பத்து முறை இப்படி மூடினால் கடைசிச் சுற்றுக்கு வைத்திருந்தது காலி.

*

ஒரே ஆள், ஒரே வாரம், இரண்டு முடிவுகள்: ரியோ 2016 ஒலிம்பிக், எத்தியோப்பியாவின் அல்மாஸ் அயானா. 10,000 மீட்டரில் முதல் பாதியை கென்யாவின் அலிஸ் அப்ரோட் கடும் வேகத்தில் இழுத்தார். பிறகு அயானா முன்னே போய்த் தனியாக ஓடி 29:17.45-இல் முடித்தார். சீனாவின் வாங் ஜுன்ஷியா 1993-இல் வைத்த 29:31.78 உலக சாதனை அதோடு போயிற்று. பின்னால் வந்த விவியன் செருயோட்டும் 29:32.53 ஓடினார், ஆனால் அவருடைய கடைசிப் பாய்ச்சலுக்கு அங்கே வேலையே இல்லை. பதினைந்து விநாடி பின்தங்கியவர் யாரை நோக்கிப் பாய்வது?

ஏழு நாள் கழித்து 5000 இறுதி. அயானா மறுபடியும் சீக்கிரமே பிரிந்து போனார், இடைவெளியும் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் செருயோட்டும் ஹெலன் ஒபிரியும் பதறவில்லை. தங்கள் வேகத்திலேயே வந்து கடைசி கிலோமீட்டரில் இடைவெளியை விழுங்கினார்கள். செருயோட் 14:26.17 ஒலிம்பிக் சாதனை, ஒபிரி 14:29.77, அயானா 14:33.59 வெண்கலம்.

பிரிந்து போகிறவரை உடனே துரத்தாமல் விட்டதுதான் இதில் பார்க்க வேண்டியது. பிரி மெல்போர்னில் செய்யாததை இவர்கள் செய்தார்கள்.

*

மேலே இருவரும் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் ஒரு வரம்பு வேகம் உண்டு. அதற்குக் கீழே ஓடினால் உடல் நெடுநேரம் சமாளிக்கும். அதைத் தாண்டி ஓடும் ஒவ்வொரு மீட்டரும் ஒரு குறிப்பிட்ட கையிருப்பிலிருந்து கழியும்.

கற்பனையாக இருவரை எடுத்துக்கொள்வோம். இழுப்பவர்: வரம்பு விநாடிக்கு 6.25 மீட்டர் (400 மீட்டர் சுற்றுக்கு 64.0 விநாடி), கையிருப்பு 120 மீட்டர். பாய்பவர்: வரம்பு 6.20 (சுற்றுக்கு 64.5), கையிருப்பு 200 மீட்டர். 10,000 மீட்டரில் முதல் 24 சுற்றும் 65 விநாடி என்றால் இருவருக்கும் செலவே இல்லை. கடைசிச் சுற்றில் 200-க்கு எதிராக 120 நிற்கும், இழுப்பவர் தோற்பார். அதையே 63.5-இல் ஓடினால்? பாய்பவருக்குச் சுற்றுக்கு 6.3 மீட்டர் கழிந்து 24 சுற்றில் 151 போய்விடும், மிச்சம் 49. இழுப்பவருக்குச் சுற்றுக்கு 3.1 வீதம் 75 கழிந்து மிச்சம் 45. 53 விநாடியில் கடைசிச் சுற்று ஓட எழுபது மீட்டராவது வேண்டும். இருவராலும் முடியாது, ஆட்டம் சமமாகிவிடும்.

சுற்றுக்கு ஒன்றரை விநாடிதான் வித்தியாசம். டிவியில் பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே வேகம். 'அவர் முன்னால் ஓடியும் தோற்றார்' என்று சொல்லும் பந்தயங்களில் பாதி, வரம்புக்குக் கீழே முன்னால் ஓடியவைதான். அது இழுப்பது ஆகாது, மற்றவர்களுக்குக் காற்று மறைப்பது.

*

காற்றை உங்கள் கணக்கில் சேர்க்கவில்லையே. உடலியல் ஆய்வாளர் பியூ 1971-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, நடுத்தூர வேகத்தில் ஆற்றலில் சுமார் 7.5 சதவீதம் காற்றைத் தள்ளவே போகிறது. ஒருவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓடினால் ஆக்சிஜன் தேவை 6.5 சதவீதம் குறைந்தது. அப்படியானால் பின்னால் வருபவரின் வரம்பு வேகமே உயர்ந்த மாதிரிதான். தனி ஆளாக இழுப்பவர் அந்த அளவுக்கும் சேர்த்து மேலானவராக இருக்க வேண்டும்.

பாரிஸ் 2024 ஒலிம்பிக் 10,000 மீட்டரில் எத்தியோப்பியர்கள் இதற்கு விடை தேடினார்கள். அரெகாவி, கெஜெல்சா, பரேகா மூவரும் மாறி மாறி முன்னால் ஓடினார்கள். காற்றுச் சுமை மூன்றாகப் பிரிந்தது. திட்டம் சரி, வேகம்தான் போதவில்லை. உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் 26:43.14-இல் வென்றார், சராசரி சுற்றுக்கு 64.1. 2020-இல் வலென்சியாவில் அவர் ஓடிய 26:11.00 உலக சாதனையின் சராசரி 62.84. அங்கே வேகம் காட்ட விளக்குகளும் பேஸ்மேக்கர்களும் இருந்தன என்பது உண்மைதான், இருந்தாலும் அவரை நோகடிக்க 64.1 போதாது. கடைசியில் அரெகாவி 26:43.44, கிராண்ட் ஃபிஷர் 26:43.46. பாய்ச்சல் உள்ளவர்கள் கூட்டமாக வந்து சேர்ந்துவிட்டார்கள்.

2009 பெர்லின் உலக சாம்பியன்ஷிப் 10,000 மீட்டர் இன்னும் கசப்பான பாடம். எரித்ரியாவின் செர்செனாய் தடேசே பந்தயத்தின் பெரும்பகுதியைத் தனியாக இழுத்து எல்லோரையும் உதிர்த்தார், ஒருவரைத் தவிர. கெனெனிசா பெக்கெலே கடைசிச் சுற்றில் மட்டும் தாண்டி 26:46.31, தடேசே 26:50.12. மற்ற அத்தனை பேருக்கும் எதிராக வென்ற திட்டம் அது. வெள்ளிப் பதக்கமே அதற்குச் சான்று.

*

பாய்பவர்கள் பக்கமும் பேசுவோம். அது சோம்பேறித்தனமான ஓட்டம் என்ற எண்ணம் தவறு. பின்னால் இருப்பதற்கும் விலை உண்டு.

அந்த விலையில் முக்கியமானது வளைவு. கூட்டத்தில் அடைபடாமல் இருக்க வெளித் தோளோரம் ஓடினால், உட்கோட்டிலிருந்து 70 சென்டிமீட்டர் விலகலுக்கே சுற்றுக்கு 4.4 மீட்டர் கூடுதல். இரண்டாம் லேனில் முழுச் சுற்று ஓடினால் சுமார் 7 மீட்டர். கடைசி வளைவில் மட்டும் வெளியே சுற்றினாலும் சுமார் மூன்றரை மீட்டர், அதாவது கிட்டத்தட்ட அரை விநாடி. சிட்னி 2000 ஒலிம்பிக் 10,000 மீட்டரில் ஹைலே கெப்ரெசெலாசிக்கும் பால் டெர்காட்டுக்கும் இடையே 0.09 விநாடிதான் இருந்தது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

மோ ஃபரா இதை நன்றாகப் புரிந்தவர். கடைசி 100-இல் பாய்பவர் என்று அவரைச் சொல்வார்கள், உண்மையில் கடைசிச் சுற்று மணி ஒலிப்பதற்கு முன்பே உட்கோட்டைப் பிடித்துவிடுவார். பிறகு ஒவ்வொரு 100-க்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். யாராவது தோளுக்கு வந்தால் வளைவில் விடவே மாட்டார், வந்தவர் வெளியே சுற்றிச் சோர்வார்.

பாரிஸ் 1500 மீட்டரில் யாகோப் இங்கெப்ரிக்ட்சன் முதல் சுற்றை 55 விநாடிக்குள் ஓடினார். சாதனைக்கான வேகம், ஆனால் பிரிட்டனின் கெர்ரும் அமெரிக்காவின் ஹாக்கரும் பின்னால் அதே வேகத்தை மலிவாக வாங்கினார்கள். கோல் ஹாக்கர் உள்பக்கம் ஒருமுறை தடுக்கப்பட்டு, பொறுத்திருந்து, மறுபடி அதே வழியில் நுழைந்து 3:27.65-இல் வென்றார். இங்கெப்ரிக்ட்சன் 3:28.24, நான்காவது. முதல் சுற்றில் அவ்வளவு செலவழிக்காமல் 800-க்குப் பிறகு கூட்டியிருந்தால் கையில் ஏதாவது மிஞ்சியிருக்கும் என்பது என் கருத்து.

*

பயிற்சியில் இது எப்படி வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இழுப்பவருக்கு முக்கியமானது, முடுக்கிய பிறகு முழுதாக ஓய்வெடுக்காமல் ஓடப் பழகுவது. 400 மீட்டர் 5000 பந்தய வேகத்தில், அடுத்த 400 அதைவிட எட்டு பத்து விநாடி மட்டும் மெதுவாக, நிற்காமல் மொத்தம் 6 முதல் 8 கிலோமீட்டர். பெரும்பாலோர் கெடுப்பது மெதுவான சுற்றைத்தான். அது நடையோட்டமாகிவிட்டால் வெறும் இடைவெளிப் பயிற்சி, குட்ஸ் செய்தது வராது.

பாய்பவருக்கு, களைத்த காலில் வேகம். 1000 மீட்டர் ஐந்து முறை 10,000 பந்தய வேகத்தில், இடையில் ஒரு நிமிட ஓய்வு. ஐந்தாவது முடிந்து ஒரு நிமிடத்துக்குள் 300 மீட்டர் முழு வேகத்தில். அந்த 300-ஐ 100, 100, 100 என்று பிரித்து நேரம் எடுங்கள். முதல் 100 வேகமாகவும் மூன்றாவது ஒரு விநாடிக்கு மேல் மெதுவாகவும் இருந்தால் அவர் 300-இல் பாயக் கூடாது, 200 வரை காத்திருக்க வேண்டும். மூன்றும் சமமாக வந்தால் 400-இலேயே தொடங்கலாம். புத்துணர்ச்சியோடு ஓடிய 200 மீட்டர் நேரத்தை வைத்து இதை முடிவு செய்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 24 சுற்றுக்குப் பிறகு யாரும் தன் உச்ச வேகத்தில் ஓடுவதில்லை, குறைவாக இழந்தவரே முன்னால் வருகிறார்.

பந்தயத்துக்கு முன் இழுப்பவர் தீர்மானிக்க வேண்டியது ஒன்று: 5000 என்றால் 3000-க்குள், 10,000 என்றால் 6000-க்குள் தொடங்கிவிட வேண்டும். அமெரிக்காவின் ஸ்டீவ் பிரீஃபொன்டெய்ன் 1972 மியூனிக் ஒலிம்பிக் 5000 மீட்டரில் கடைசி நான்கு சுற்றுக்குத்தான் முடுக்கினார். வேகம் கடுமையானதுதான், தூரம்தான் போதவில்லை. லாஸ்ஸே விரேன் 13:26.4-இல் வென்றார், பிரீஃபொன்டெய்ன் 13:28.4-இல் நான்காவது.