அத்திவாரத்தில் கிடைத்த கோடரி: துரு எடுப்பது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது ஒரு கோடரித் தலையும் அலவாங்கும் வந்தன. சுவரில் மாட்ட ஆசை. வினாகிரியில் ஊறப்போடலாமா?

பதில் 1: நாள்கணக்கில் போட்டால் நல்ல இரும்பையும் அரிக்கும் அண்ணா. பிளாஸ்டிக் வாளியில் வாஷிங் சோடா கரைத்து, பற்றரி சார்ஜரின் நெகட்டிவைக் கோடரிக்கும் பொசிட்டிவை வேறொரு இரும்புத் துண்டுக்கும் கொடுங்கள், இரண்டும் முட்டக்கூடாது, அந்தத் துண்டுக்கு எவர்சில்வர் வேண்டவே வேண்டாம், நச்சுக் குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வரும், முற்றத்தில் செய்யுங்கள்.

பதில் 2: கடற்கரைப் பக்கம் அல்லவா, உப்பு உள்ளே ஊறியிருக்கும். வாஷிங் சோடாத் தண்ணீரை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் ஊறவிட்டு, கழுவிக் காயவைத்து, அப்புறம் மெழுகு பூசுங்கள். இல்லாவிட்டால் திரும்பவும் துருதான்.

பதில் 3: கிரைண்டர் மட்டும் பிடிக்காதீர்கள், கொல்லன் அடித்த தடமே போய்விடும். சரி, மிகப் பழையதாகத் தெரிந்தால் கைவைக்க முன் தொல்பொருள் திணைக்களத்திடம் காட்டுங்கள், 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இன்னும் இருக்கிறது.