'ராப்' – தமிழில் என்ன சொல்வது?

செ. எழுதியது:
கொங்கண் மரங்களைப் பற்றிய மராத்தி நூலின் மொழிபெயர்ப்பு சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ராப்' என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஐன் (நம் கருமருது), கிஞ்சள் மரங்களில் கிளை கழித்துக் காயவைக்கிறார்கள். நாற்றங்காலில் சாணம், அதன்மேல் கிளைகள், பிறகு சருகும் புல்லும், கடைசியில் பொடிமண் என்று பரப்பி, மழைக்கு முன் கொளுத்துகிறார்கள். களைவிதை சாகும், சாம்பல் உரமாகும், மண் பொலபொலத்து நாற்று வேரறாமல் பிடுங்க வரும். கழித்த தழைக்கும் ராப் என்றுதான் பெயர், கொளுத்தும் வேலைக்கும் அதே பெயர். 'தழைமூட்டம்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

இரா. எழுதியது:
மூட்டம் ஆகாது. கரிமூட்டத்தில் காற்றை அடைப்பது விறகு சாம்பலாகிவிடக் கூடாது என்பதற்காக. ராப்புக்குச் சாம்பல்தான் வேண்டும். மேலே மண் போடுவது தீயை நிதானப்படுத்த. காற்றை எதிர்த்துத் தீ நகரும்படி வைப்பதும் அதற்கே. காற்றோடு விட்டால் தீ மேலாக ஓடிவிடும், சூடு மண்ணில் இறங்காது, நாற்றோடு களையும் முளைக்கும். பழந்தமிழில் புதுக்கொல்லைக்கு 'இதை', பழங்கொல்லைக்கு 'முதை' என்று சொல் இருக்கையில் ஏன் தேட வேண்டும்? 'இதைச்சுடல்' என்க.

ம. எழுதியது:
"உழவர்கள் மே மாதத்தில் இதைச் சுடுகிறார்கள்." எதை ஐயா? வகுப்பில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். தவிர, இதையும் முதையும் புனத்துக்கு உரியவை. மலைச்சரிவை வெட்டிக் கொளுத்தி விதைப்பதற்கு அங்கே 'குமரி' என்ற சொல் தனியாக உண்டு. ராப்பில் மரத்தை வெட்டிச் சாய்ப்பதில்லை, வயலும் இடம் மாறுவதில்லை.

இரா. எழுதியது:
மராத்தியில் 'ராப்ணே' என்றால் பாடுபடுதல். ராப் அதிலிருந்து வந்ததென்றால், உழவு-உழைப்பு உறவைப் பாருங்கள்! அந்த வழியில் 'உழைதழை'...

ம. எழுதியது:
ஒலி ஒத்தால் வேர் ஒன்றாகிவிடாது. சனிக்கிழமையை நினையுங்கள்.

க. எழுதியது:
வேலையை அவர்கள் 'ராப் பாஜ்ணே' என்பார்கள். பாஜ்ணே என்றால் சுடுவது, வறுப்பது. ஆகவே 'எரி' வேண்டாம், 'சுடு' பொருந்தும். ஆனால் 'தழைச்சூடு' என்று வைத்துவிடாதீர்கள். ஈழத்தில் சூடு என்றால் நெற்கதிர்ப் போர்; சூடு அடிப்பது கதிர் அடிப்பது. 'தழைசுடல்' என்றால் என்ன?

இரா. எழுதியது:
ஒற்று எங்கே? தழையைச் சுடுவது என்றால் மிகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே சுடப்படுவது மண். தழை கருவி மட்டுமே. தழையால் சுடல், 'தழைச்சுடல்'. அந்த ஒரு 'ச்'-இல்தான் தொழில்நுட்பமே இருக்கிறது.

க. எழுதியது:
கையால் தட்டுவதைப் பலரும் ஒற்றில்லாமல் 'கைதட்டல்' என்றுதானே எழுதுகிறார்கள்?

இரா. எழுதியது:
கையைத் தட்டுகிறோம், கையாலா தட்டுகிறோம்?

ம. எழுதியது:
இது விடியாது. செ., இன்னொன்று: தசராப் படத்தின் கீழ் ஆப்டாவை 'மந்தாரை' என்று போட்டிருக்கிறீர்கள். ஆப்டா நம் ஆத்தி, சோழர் சூடிய ஆர். தசராவன்று பொன் என்று சொல்லிக் கைமாற்றுவது அதன் இலையைத்தான். சந்தையில் மந்தாரை இலையையும் கலந்து விற்பதால் வரும் குழப்பம் இது. ஆத்தி இலை சிறியது, நீளத்தைவிட அகலம் கூடியது. பூமருது என்று எழுதிய இடங்களையும் ஒருமுறை பாருங்கள். கிஞ்சளையும் அப்படிச் சொல்கிறார்கள், ஊதாப் பூப் பூக்கும் தாம்ஹணையும் அப்படியே சொல்கிறார்கள்.

செ. எழுதியது:
ஆத்தி என்று திருத்திவிட்டேன். கிஞ்சள், தாம்ஹண் இரண்டையும் மராத்திப் பெயரிலேயே விடுகிறேன். ராப்புக்கு மூவர் 'தழைசுடல்' பக்கம். முதல் இடத்தில் 'தழைசுடல் (ராப்)', பிறகு வெறும் ராப்.

இரா. எழுதியது:
ஒற்றில்லாமல் அச்சேறுவதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பதிப்பில் பேசுவோம்.