மறு: ரெசிஸ்டன்ஸ் – ‘எதிர்ப்பு’ வேண்டாம், ‘கட்டுப்படாமை’ போதும்

குழுமத்தாருக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. ஆன்டிபயாடிக் போன்ற மருந்துகளுக்குக் கிருமிகள் அடங்காமல் போவதை ஆங்கிலத்தில் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்கிறார்கள். அதைப் பற்றி நவம்பர் 18 முதல் 24 வரை நடக்கும் விழிப்புணர்வு வாரத்துக்கு ஒரு தாலுகா மருத்துவமனைச் சுவரொட்டி எழுத வேண்டும், அதற்குத் தமிழில் ஒரு சொல் கொடுங்கள் என்று கேட்ட தம்பி, வந்து விழுந்த சொற்களைப் பார்த்து மிரண்டிருப்பார். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில், நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியை வளர்த்துப் பார்த்துச் சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. அந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

> ‘நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன்’ என்று செய்திகளில் ஏற்கெனவே வழங்குகிறது. வழக்கில் இருப்பதை ஏன் கலைக்க வேண்டும்?

கலைத்தே ஆக வேண்டும் ஐயா. இந்தத் தொடரை விவரம் தெரியாத ஒருவரிடம் காட்டிப் பாருங்கள். நுண்ணுயிரை எதிர்க்கிற திறன், ஆகவே நல்ல விஷயம் என்றுதான் புரிந்துகொள்வார். சொல்ல வந்ததோ நேர் எதிர்: நுண்ணுயிர் மருந்தை எதிர்க்கிறது. யார் யாரை எதிர்ப்பது என்பதே தலைகீழாகிவிட்டது. கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரோடு சேர்த்து ‘எதிர்ப்புச் சக்தி’ என்ற சொல்லையும் ஊருக்கே ஊட்டியிருக்கிறோம். இப்போது ‘எதிர்ப்புத் திறனைத் தடுப்போம்’ என்று சுவரில் எழுதினால் என்ன நினைப்பார்கள்?

இது வெறும் இலக்கணச் சிக்கல் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் இந்தியா உட்பட 12 நாடுகளில் மக்களிடம் கேட்டபோது, 76 விழுக்காட்டினர் மருந்துக்குப் பழகிப்போவது உடம்பு என்றே நம்பினார்கள். நம் ஊரிலும் ‘உடம்புக்கு மாத்திரை பழகிடுச்சு, கொஞ்சம் பவர் கூடினதா எழுதிக் கொடுங்க’ என்று கேட்பது சர்வசாதாரணம். மாறுவது உடம்பு இல்லை, கிருமி. அதனால்தான் ஒரு முறைகூட ஆன்டிபயாடிக் சாப்பிடாத குழந்தைக்கும் அப்படிப்பட்ட கிருமி தொற்ற முடியும். நம் சொல் இந்தத் தவறான நம்பிக்கைக்குத் துணை போகக் கூடாது. கிருமி எழுவாயாக நிற்க வேண்டும், மருந்து அதற்கு எதிரே நிற்க வேண்டும். வரும் சொற்களையெல்லாம் நான் இந்த ஒரு கல்லில்தான் உரசிப் பார்க்கிறேன்.

> ‘தாங்குதிறன்’ எப்படி? கிருமி மருந்தைத் தாங்குகிறது என்பது தெளிவாகத்தானே இருக்கிறது.

அழகான சொல்தான், ஆனால் வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. மருந்து இருக்கும்போதே கிருமி தொடர்ந்து பெருகினால் அது ரெசிஸ்டன்ஸ். பெருகாமல், சாகவும் செய்யாமல், மருந்து விலகும்வரை தாக்குப்பிடித்தால் அது டாலரன்ஸ். இரண்டாவதில் கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச மருந்துச் செறிவு ஏறுவதில்லை. அதனால் எங்கள் வழக்கமான சோதனையில் அது பிடிபடவும் செய்யாது. தாங்குதிறனை அந்த டாலரன்ஸுக்கு ஒதுக்கி வைப்போம். இன்றைக்கு இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டால், நாளைக்குப் பாடநூல் எழுதுகிறவர் நம்மைத்தான் திட்டுவார்.

> ‘மருந்துமுறிவு’ என்பது என் பரிந்துரை. விஷமுறிவு போல.

இதில் இரண்டு சங்கடங்கள். பென்சிலின் குடும்பத்து மருந்துகளை நொதி கொண்டு வெட்டிப்போடும் கிருமிகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் கிருமிக்கு வேறு வழிகளும் உண்டு. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும், மருந்து போய் ஒட்டவேண்டிய இடத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்ளும், மருந்து நுழையும் வாசலைக் குறுக்கிவிடும். அங்கெல்லாம் மருந்து முறிவதே இல்லை. இன்னொன்று, அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்பது நம் வீடுகளில் பரம்பரையாக வருகிற பேச்சு. ‘மருந்துமுறிவைத் தவிர்ப்போம்’ என்று சுவரொட்டி போட்டால் கீரைக்காரம்மா மேல்தான் பழி விழும். அந்த நொதிகளுக்கு மட்டும் ‘மருந்துமுறி நொதி’ என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு இது மிக நல்ல சொல்.

‘மருந்துமீறல்’ என்று கோவைத் தோழி தந்தது முதலில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சிறியது, உச்சரிக்க எளிது. ஆனால் விதிமீறல், வரம்புமீறல் என்ற வரிசையில் வைத்துப் பார்த்தால், நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாத குற்றம் போலக் கேட்கிறது. காசநோய் மருந்தைப் பாதியில் விட்டவரைத்தான் ‘மருந்துமீறியவர்’ என்பார்கள். பழி மறுபடியும் மனிதன் தலையில்.

> எங்கள் பக்கம் ‘இந்தச் சளி எந்த மருந்துக்கும் கேக்கல’ என்போம். ‘மருந்து கேளாமை’ என்றே வைத்துவிடலாமே?

இந்த இழையில் வந்ததிலேயே உயிருள்ள வாக்கியம் இதுதான். ‘மாத்திரைக்குக் கேக்குதா?’ என்ற கேள்வியில் இந்தத் துறையே அடங்கிவிடுகிறது. பேச்சில் தாராளமாகச் சொல்லுங்கள். எழுத்தில் ‘கேளாமை’ என்றதும் காதுதான் நினைவுக்கு வரும். ‘கேளாக் கிருமி’ என்றால் சிரிப்பும் வரும். ஆனால் அது நமக்கு ஒரு வழி காட்டுகிறது. தமிழில் இந்தக் கருத்து நான்காம் வேற்றுமையில்தான் வாழ்கிறது: மருந்து‘க்கு’க் கேட்கவில்லை, மருந்து‘க்கு’ மசியவில்லை, மருந்து‘க்கு’க் கட்டுப்படவில்லை. ‘எதிர்ப்பு’ என்று தொடங்கினால் ‘மருந்தை’ என்று இரண்டாம் வேற்றுமைக்குப் போக வேண்டும். தொகையாக்கும்போது அந்த ஐ உருபு மறைந்துவிடுகிறது, எதிர்ப்பது யார், எதிர்க்கப்படுவது யார் என்ற குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே என் ஓட்டு ‘மருந்துக்குக் கட்டுப்படாமை’க்கு. புதிதாக நான் எதையும் செய்துவிடவில்லை. ‘மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்’ என்பது ஏற்கெனவே பழகிய தொடர். அதைப் படித்துவிட்டு யாரும் ‘நல்ல விஷயம்தானே’ என்று நினைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆய்வகத்தில் இது எவ்வளவு வசதி என்பதையும் சொல்ல வேண்டும். கிருமியைத் தட்டில் பரப்பி, அதன் மேல் மருந்து தோய்ந்த சிறு காகித வட்டுகளை வைத்து ஒரு ராத்திரி விடுவோம். காலையில் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் இருந்தால் அதை மில்லிமீட்டரில் அளப்போம். வட்டின் ஓரம்வரை கிருமி வளர்ந்திருந்தால் அந்த மருந்து அங்கே வேலைக்கு ஆகாது. ரிப்போர்ட்டில் இதை எஸ் (சென்சிடிவ்), ஐ (இன்டர்மீடியட்), ஆர் (ரெசிஸ்டன்ட்) என்று மூன்று எழுத்தில் முடித்துவிடுகிறோம். ‘சென்சிடிவ்’ என்பதைப் பார்த்து ‘அந்த மருந்து எனக்கு அலர்ஜியா?’ என்று நோயாளிகள் கேட்பது உண்டு. தமிழில் ‘கட்டுப்படும்’, ‘கட்டுப்படாது’ என்று போட்டுப் பாருங்கள், விளக்கமே வேண்டாம். நடுவில் உள்ள ‘ஐ’க்கு ‘இடைநிலை’ என்று பொருள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பியச் சோதனைக் குழு 2019இல் அதன் பொருளையே மாற்றிவிட்டது: மருந்து கூடுதலாகக் கிடைத்தால் கிருமி அடங்கும் என்பதே அவர்கள் தரும் இப்போதைய பொருள். அப்படியானால் ‘கூடுதல் அளவில் கட்டுப்படும்’. மூன்றும் ஒரே வினையிலிருந்து வந்துவிட்டன. ‘எதிர்ப்பு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதைச் செய்து காட்டுங்கள் பார்ப்போம்.

> பி.பி., சர்க்கரையும் ‘மருந்துக்குக் கட்டுப்படவில்லை’ என்கிறோமே. காய்ச்சல் குறையாததெல்லாம் ரெசிஸ்டன்ஸ் ஆகிவிடாதா?

மருத்துவர் ஐயாவின் இந்த ஆட்சேபம்தான் கனமானது. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் காய்ச்சல் குறையாது, ஏனென்றால் அந்த மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. சீழ்கட்டி இருந்து அதைத் திறந்துவிடாமல் மருந்து மட்டும் கொடுத்தாலும் சரியாகாது, கிருமி தட்டில் அந்த மருந்துக்குச் சமர்த்தாகச் செத்துக் கிடந்தாலும் கூட. இவையெல்லாம் ‘மருந்து பலிக்காமை’. ரெசிஸ்டன்ஸ் அதற்கு ஒரு காரணம் மட்டுமே. ஆகவே ஒரு விதியோடு சொல்லை ஏற்போம்: இந்தப் பொருளில் கட்டுப்படாதது எப்போதும் கிருமியே, நோயோ உடலோ நோயாளியோ அல்ல. ‘மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்’ பழகிவிட்டதால் அதை விட்டுவிடலாம். புதிதாக எழுதும்போது ‘கட்டுப்படாக் கிருமி’, ‘கட்டுப்படாக் கிருமித் தொற்று’ என்றே எழுதுவோம். நாமக்கல் நண்பர் பண்ணையைப் பற்றிக் கேட்டதற்கும் இதுவே பதில். கோழிக்கு நோயே இல்லாமல் அதன் குடலில் கட்டுப்படாக் கிருமி இருக்கலாம். கடைசி மருந்தாக மனிதருக்கு வைத்திருக்கும் கோலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றுக்குக் கொடுக்கக் கூடாதென்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை போட்டதும் இந்தக் கவலையால்தான். நோயை எழுவாயாக்கினால் பண்ணையில் நடப்பதைச் சொல்ல வாக்கியமே இருக்காது.

செய்தி எழுதுகிறவர்களுக்கு இன்னொரு இடமும் முக்கியம். 2022 தொடக்கத்தில் லான்செட் மருத்துவ இதழில் வந்த உலகக் கணக்குப்படி, 2019இல் பாக்டீரியாக்களின் கட்டுப்படாமையால் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம், அதோடு தொடர்புடைய இறப்புகள் 49.5 லட்சம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுகிறார்கள். முதல் எண், அதே தொற்று கட்டுப்படும் கிருமியால் வந்திருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள். இரண்டாவது, அந்தத் தொற்றே வராமலிருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள். ‘கட்டுப்படாமையால் இறந்தோர்’, ‘கட்டுப்படாக் கிருமித் தொற்றோடு இறந்தோர்’ என்று எழுதினால் ‘ஆல்’, ‘ஓடு’ என்ற இரண்டு உருபுகளே வேறுபாட்டைச் சொல்லிவிடும்.

> ‘கிருமி’ வடசொல். அதற்கு மூலப்பொருள் புழு. ‘நுண்ணுயிர்’ இருக்கும்போது அது எதற்கு?

கிருமிகண்ட சோழன் கதை வழங்கும் மண்ணில் கிருமியை இனி வெளியேற்ற முடியாது. தவிர, தயிரைத் தோய்ப்பதும் நுண்ணுயிர்தான், அதன் மேல் நமக்கு எந்த வழக்கும் இல்லை. கிருமி என்றால் பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, மலேரியா ஒட்டுண்ணி எல்லாம் அடங்கும், தீங்கு என்பதும் உள்ளேயே இருக்கும். பூஞ்சைகளிலும் கேண்டிடா ஆரிஸ் போன்றவை மருந்துக்கு அடங்காமல் மருத்துவமனைகளைப் படுத்துவதால் இந்த அகலம் தேவை.

‘சூப்பர்பக்’ என்பதற்கு ‘அசுரக் கிருமி’, ‘அரக்கக் கிருமி’ வேண்டாம். கட்டுப்படாக் கிருமி மற்றதைவிட வேகமாகக் கொல்லும் என்பது கட்டாயமில்லை. கொடுக்க மருந்து இல்லை என்பதுதான் ஆபத்து. பெயர் வைப்பதில் எவ்வளவு அரசியல் இருக்கிறது என்பதை 2010இல் பார்த்தோமே. கார்பபெனெம் என்ற வகை ஆன்டிபயாடிக்குகளை வெட்டும் ஒரு நொதிக்குப் புதுடெல்லியின் பெயரை வைத்திருந்ததால் நாடாளுமன்றம்வரை கொந்தளித்தது. அந்த ஆண்டு வெளியான ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர், சென்னையில் எடுத்த மாதிரிகளும் அதில் இருந்தன. ஊர்ப்பெயர் மேல் நடந்த சண்டையில் பாதி நேரம் போனது. நல்ல வேளையாக, 2012இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ எழுதின. 2014 மார்ச்சில் எச்1 பட்டியலும் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டியலில் உள்ள மருந்தை விற்றால் மெடிக்கல் ஷாப்பில் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எழுதுகிறார்களா என்பதை மருந்தாளுநர் நண்பர்கள் சொல்லட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஆன்டிபயாடிக் என்பதற்கு ‘நுண்ணுயிர்க்கொல்லி’யா, ‘எதிருயிரி’யா என்ற சண்டையைச் சுவரொட்டிக்காக இப்போது தீர்க்க வேண்டியதில்லை. சனம் ‘ஆன்டிபயாடிக்’ என்றுதான் சொல்கிறது, அப்படியே போடுங்கள். கட்டுரையில் நுண்ணுயிர்க்கொல்லி என்று எழுதினால் நான் தடுக்க மாட்டேன்.

சரி, தம்பிக்கு. நீங்கள் அனுப்பிய வரைவில் ‘நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் பெருகுவதைத் தடுப்போம்’ என்பதை எடுத்துவிட்டு இப்படிப் போடலாம்:

‘மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகுகின்றன. மாறுவது உங்கள் உடம்பு அல்ல, கிருமி. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். மிச்சமான ஆன்டிபயாடிக்கை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.’

‘முழு கோர்ஸையும் முடியுங்கள்’ என்று நீங்கள் எழுதியிருந்ததை ‘டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள்’ என்று மாற்றிப் போடுங்கள். நீண்ட கோர்ஸ்தான் பாதுகாப்பு என்ற பழைய பாடத்தை 2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை வெளிப்படையாகவே கேள்வி கேட்டது. சில தொற்றுகளுக்குக் குறைந்த நாள் போதுமென்று இப்போது எழுதிக் கொடுக்கிறார்கள். காசநோய்க்கு இது பொருந்தாது. அங்கே மாதக்கணக்கில் முழுதாகச் சாப்பிட்டே ஆக வேண்டும், அதைத் தனி வரியாகப் போடுங்கள்.

பல மருந்துக்கும் அடங்காததற்குப் ‘பன்மருந்துக் கட்டுப்படாமை’ என்று வைத்திருக்கிறேன். கொஞ்சம் வாய் வலிக்கிறது, இதைவிடச் சிறியது கிடைத்தால் அனுப்புங்கள். மருந்தைப் பொறுப்போடு பயன்படுத்துவதைக் குறிக்கும் ‘ஸ்டூவர்ட்ஷிப்’பை இந்த இழையில் இழுக்க வேண்டாம். ‘மருந்துப் பொறுப்பாட்சி’ என்று ஒருவர் தந்திருக்கிறார், அதற்குத் தனி இழை தொடங்குங்கள். நோய் எதிர்ப்புச் சக்தியை நிர்ப்பீடனம் என்று எழுதும் இலங்கை நண்பர்கள் ரெசிஸ்டன்ஸை மருத்துவமனை அறிவிப்புகளில் எப்படி எழுதுகிறார்கள் என்பதையும் யாராவது சொன்னால், அச்சுக்குப் போவதற்கு முன் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.