சிலிகா ரப்பர்: எக்ஸ்ரே சிதறலில் இரண்டு கலவைக்கும் ஒரே வளைவு

வணக்கம். ராணிப்பேட்டையில் ஷூ சோலுக்கான எஸ்பிஆர் (ஸ்டைரீன்-பியூட்டடைன் செயற்கை ரப்பர்) கலவை. நூறு பங்கு ரப்பருக்கு சிலிகா 50, ஜிங்க் ஆக்சைடு 3. இரண்டு கலவை: ஒன்றில் சிலேன் (சிலிகாவை ரப்பருடன் பிணைக்கும் வேதிப்பொருள்) உண்டு, மற்றதில் இல்லை. சிலேன் இல்லாத ஷீட்டின் வெட்டுமுகத்தில் லென்ஸ் வைத்தாலே வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. பேய்ன் விளைவும் (அசைவின் வீச்சு கூடக்கூட ரப்பரின் விறைப்பு குறைவது) அதில்தான் அதிகம். ஆனால் சிறுகோண எக்ஸ்ரே சிதறலில் இரண்டு வளைவும் அச்சு அசலாக ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன.

காப்பர் கே-ஆல்பா கதிர். எட்டும் மிகக் குறைந்த க்யூ (சிதறல் கோணத்தைக் குறிக்கும் அளவு; அது சிறிதாகச் சிறிதாகப் பெரிய அமைப்புகள் தெரியும்) 0.07 nm⁻¹, அதாவது ஏறத்தாழ 90 நானோமீட்டர் வரைதான். பன்முறைச் சிதறலோ (ஒரே கதிர் பலமுறை சிதறுவது) என்று 2 மி.மீ. ஷீட்டை 0.5 மி.மீ. ஆக்கினோம்; மாற்றமில்லை. ஜிங்க் ஆக்சைடு கதிரைப் பலமாகச் சிதறடிக்கும் என்பதால், சிலிகா இல்லாமல் க்யூர் செய்த ஷீட்டைப் பின்னணியாகக் கழித்தோம். எல்லா அமைப்பும் எல்லைக்குள் அடங்கியிருந்தால் தாழ் க்யூவில் வளைவு தட்டையாகியிருக்கும்; அது தட்டையாகவே இல்லை. சிலிகாத் திரள்கள் எங்கள் எல்லைக்கு வெளியே இருப்பதாகவே படுகிறது.

அந்தத் திரள்களை அளக்க மெல்லிய வெட்டில் லேசர் ஒளிச்சிதறல் போதுமா, அல்லது மீச்சிறுகோண எக்ஸ்ரேவுக்கே போக வேண்டுமா?