ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் கொரோனா தனிமை: காற்று, பிளீச், நாள் கணக்கு

கேள்வி | முற்றத்துவாசி

வணக்கம். வீட்டில் நான்கு பேர், இரண்டு படுக்கையறை, ஒரே பாத்ரூம். ஒருவருக்கு நேற்று தொண்டை வலியும் காய்ச்சலும் தொடங்கின. இன்று ரேபிட் டெஸ்டில் கொரோனா பாசிட்டிவ். மற்ற மூவருக்கும் நெகட்டிவ். அந்த மூவரில் ஒருவர் எழுபதைக் கடந்தவர், சர்க்கரை நோயும் உண்டு. அவருக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது முதல் கவலை.

பாசிட்டிவ் வந்தவரைத் தனி அறையில் வைத்தாயிற்று. கதவுக்குக் கீழே துண்டைச் சுருட்டி அடைக்க வேண்டுமா? ஜன்னலைத் திறந்தால் போதுமா, ஃபேன் போடலாமா? பாத்ரூமை எப்படிப் பகிர்ந்துகொள்வது? கதவுப்பிடி, சுவிட்ச் எல்லாவற்றையும் பிளீச்சில் துடைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவுக்கு எவ்வளவு தண்ணீர்? மற்றவர்கள் எத்தனை நாள் வெளியே போகாமல் இருக்க வேண்டும், எந்த நாளிலிருந்து எண்ணுவது? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில் 1 | மேல்காற்று

முதலில் காற்றைப் பாருங்கள், பிளீச் பிறகு. மூச்சுவிடும்போதும் பேசும்போதும் வரும் நுண்துளிகள் வழியாகத்தான் இது பெரும்பாலும் பரவுகிறது. அவை உடனே தரையில் விழுவதில்லை. காற்றோட்டம் இல்லாத அறையில் மணிக்கணக்கில் மிதந்து, கதவைத் திறந்ததும் கூடத்துக்கு வந்துவிடும். அதனால் காற்று கூடத்திலிருந்து நோயாளி அறைக்குள் போக வேண்டும், அங்கிருந்து ஜன்னல் வழியாக வெளியே போக வேண்டும். இந்தத் திசை மாறவே கூடாது.

அறை ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் ஊதும்படி ஒட்டி வையுங்கள். அதைச் சுற்றியுள்ள திறப்பை அட்டை வைத்து டேப்பால் மூடுங்கள். விட்டுவைத்தால் தள்ளிய காற்றே பக்கவாட்டில் திரும்பி வரும். அறைக்கு இன்னொரு ஜன்னல் இருந்தால் ஃபேன் ஓடும்போது அதைச் சாத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் அதன் வழியாகவே காற்றை இழுத்துக்கொள்ளும், கூடத்திலிருந்து இழுக்காது. கூடத்து ஜன்னல் திறந்தே இருக்கட்டும். அறைக் கதவைச் சாத்துங்கள், ஆனால் கீழிடுக்கை அடைக்காதீர்கள். ஃபேன் காற்றை இழுக்க அந்த இடுக்குதான் வழி.

சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது சுலபம். மெல்லிய டிஷ்யூ தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, கூடத்துப் பக்கம் நின்று கதவிடுக்குக்கு நேரே பிடியுங்கள். தாளின் நுனி அறையை நோக்கி வளைந்தால் சரி. உங்களை நோக்கி வந்தால் அறைக் காற்று வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். வெளியே காற்றடிக்கும் திசை மாறினால் இதுவும் மாறும்.

சீலிங் ஃபேன் அறைக் காற்றைக் கலக்கும், வெளியேற்றாது. ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திரும்ப விடும். ஜன்னலைச் சாத்தி ஏசி போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு.

முற்றத்துவாசி

நன்றி. தாள் சோதனை செய்து பார்த்தோம். சும்மா இருக்கும்போது அறைக்குள் இழுக்கிறது, சமையலறைச் சிம்னி ஓடினால் வெளியே தள்ளுகிறது. என்ன செய்வது?

பதில் 1 தொடர்ச்சி | மேல்காற்று

அப்படித்தான் ஆகும். டேபிள் ஃபேனை விடச் சிம்னியின் இழுப்பு பலமானது. சமையலறைக்குக் காற்று வர வேறு வழி இல்லாததால் அது நோயாளி அறையிலிருந்து இழுக்கிறது. சமைக்கும்போது சமையலறை ஜன்னலை அகலத் திறந்து, தாளை மறுபடி பிடித்துப் பாருங்கள். அப்போதும் திசை மாறாவிட்டால் சிம்னியை நிறுத்திவிட்டு ஜன்னலை மட்டும் திறந்து சமையுங்கள்; அதுவும் முடியாதபோது மட்டும் கதவிடுக்கைத் துண்டால் அடைக்கலாம். பாத்ரூம் எக்ஸாஸ்டும் இதே வேலையைச் செய்யும், அது ஓடும்போதும் சோதியுங்கள்.

பெரியவர் தூங்கும் அறையில் ஹெப்பா வடிகட்டி (மிக நுண்ணிய துகள்களையும் பிடிப்பது) உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வைக்க முடிந்தால் நல்லது. அளவுக்கு ஒரு கணக்கு: அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி, வருவதை 5-ஆல் பெருக்குங்கள். 4 × 3 × 3 என்றால் 36 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று மாற 180 கன மீட்டர் வேண்டும். கருவி மணிக்குத் தருவதாகப் போட்டிருக்கும் சுத்தக் காற்றின் அளவு (CADR) அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். கருவியில் போட்டிருக்கும் எண் உச்ச வேகத்துக்கானது. சத்தம் தாங்காமல் குறைந்த வேகத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அதைவிடப் பெரிய கருவியாகப் பாருங்கள்.

பதில் 2 | வெண்கலச்சாவி

பாத்ரூம்தான் உங்கள் வீட்டில் பலவீனமான இடம். நோயாளி கடைசியாகக் குளிக்கட்டும். அறையை விட்டு வரும்போது மாஸ்க் போட்டுக்கொண்டு வர வேண்டும், அந்த நேரத்தில் மற்றவர்கள் கூடத்தில் நிற்க வேண்டாம். மூடி இருந்தால் மூடிவிட்டு ஃப்ளஷ் செய்ய வேண்டும். அவர் வெளியே வந்த பிறகு பாத்ரூம் கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனை அரை மணி நேரம் ஓட விடுங்கள். மணிக்குப் பத்து முறை காற்று மாறும் அறையில் மிதப்பவற்றில் 99% வெளியேற 28 நிமிடம் ஆகும். அரை மணி நேரம் என்பது அந்தக் கணக்கு. காத்திருக்க முடியாதவர் என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு போகட்டும். அதைக் கழற்றினால்தான் பல் துலக்க முடியும் என்பதால், பல் துலக்குவதைச் சமையலறைத் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். துண்டும் பிரஷ்ஷும் நோயாளிக்குத் தனி, பாத்ரூமில் வைக்க வேண்டாம்.

பிளீச் கணக்கு: வேண்டியது 0.1% கரைசல். புட்டியில் போட்டிருக்கும் சதவீதத்தை 0.1-ஆல் வகுத்து ஒன்றைக் கழியுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு அத்தனை பங்கு தண்ணீர். 5% என்றால் 49 பங்கு, அதாவது 20 மில்லி பிளீச்சில் 980 மில்லி தண்ணீர். குளிர்ந்த தண்ணீரே போதும், சுடுதண்ணீரில் வீரியம் போய்விடும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பிறகு கரைசலால் துடைத்து, ஒரு நிமிடமாவது ஈரமாக விட வேண்டும். துடைத்த கையோடு உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்குங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டோடு இதைச் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

ஆனால் நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. வைரஸ் படிந்த பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-ல் மதிப்பிட்டது. கதவுப்பிடி, குழாய், ஃப்ளஷ் பொத்தான் ஆகியவற்றைத் தினம் ஒருமுறை துடைத்து, கையைச் சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவினால் போதும். பாத்திரத்துக்கும் துணிக்கும் வழக்கமான சோப்பே போதும்.

மாஸ்க்: நோயாளிக்கு வால்வு வைத்தது வேண்டாம், அவர் விடும் மூச்சு அதன் வழியே அப்படியே வெளியே வரும். போட்டதும் இரு கைகளாலும் மூடிப் பலமாக ஊதிப் பாருங்கள். மூக்கோரம் காற்று கசிந்தால் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்திப் படிய வையுங்கள். ஒற்றைக் கையால் கிள்ளினால் நடுவில் மடிந்து இடைவெளி விழும். என்95-ஐத் துவைக்கவோ சானிட்டைசர் தெளிக்கவோ கூடாது. துகளைப் பிடிக்கும் மின்னேற்றம் போய்விடும்.

பதில் 3 | நாள்காட்டி

நாள் கணக்கில் எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அறிகுறி தொடங்கிய நாள் பூஜ்யம், மறுநாள்தான் 1. காய்ச்சல் 1-ஆம் தேதி வந்தால் பத்தாம் நாள் என்பது 11-ஆம் தேதி. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது: டெஸ்ட் செய்யாவிட்டால் அறிகுறி உள்ளவருக்குப் பத்து நாள், அறிகுறி இல்லாதவருக்குப் பாசிட்டிவ் வந்த நாளிலிருந்து ஐந்து நாள், ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ் ஆனால் முன்னதாகவே விடலாம். உங்கள் ஊர்ச் சுகாதாரத் துறையின் விதி வேறாக இருந்தால் வெளியே போவதற்கு அதுதான் கணக்கு. ஆனால் பெரியவர் இருக்கும் வீட்டுக்குள் பத்து நாளைக் குறைக்க வேண்டாம் என்பேன்.

மற்றவர்களுக்குக் கணக்கு நோயாளியைக் கடைசியாக நெருங்கிய நாளிலிருந்து தொடங்கும். முழுமையாகப் பிரிந்திருந்தால் பிரிந்த நாள். ஒரே பாத்ரூம், சாப்பாடு கொடுக்க உள்ளே போய்வருவது என்றிருந்தால் அவருடைய தனிமை முடியும் நாள். நெருங்கியவர்கள் 14 நாள் வெளியே போகக் கூடாது என்ற விதி உள்ள இடத்தில் முதல் வகைக்கு 2-ஆம் தேதி பிரிந்திருந்தால் 16-ஆம் தேதியோடு முடியும். இரண்டாம் வகைக்கு, நோயாளியின் தனிமை முடியும் 11-ஆம் தேதியிலிருந்து எண்ணுவதால், 25 வரை போகும். சாப்பாட்டை வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், ஒருவரே கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் காரணம்.

இன்றைய நெகட்டிவை நம்பிப் பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டாம். தொற்றிய முதல் ஓரிரு நாளில் ரேபிட் டெஸ்ட் பிடிக்காது. 48 மணி நேர இடைவெளியில் திரும்பச் செய்யுங்கள், அறிகுறி வந்தால் உடனே. கோடு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். கிட்டில் சொன்ன நேரம் கடந்து தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தனிமையை முடிக்கப் பிசிஆர் எடுக்காதீர்கள், குணமான பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும்.

பதில் 4 | துடிப்பளவி

பெரியவருக்காக இரண்டு விஷயம். பல்ஸ் ஆக்சிமீட்டரில் அவருடைய வழக்கமான ரத்த ஆக்சிஜன் அளவை இப்போதே குறித்து வையுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, நகப்பூச்சு இல்லாத, குளிர்ந்திராத விரலில் மாட்டி, எண் ஓரிடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடம் காத்திருங்கள். முதலில் ஓடும் எண்ணைப் படிக்காதீர்கள். 94-க்குக் கீழே போனால் மருத்துவரை அழையுங்கள். 90-க்குக் கீழே, மூச்சுத்திணறல், நெஞ்சழுத்தம், குழப்பமான பேச்சு, எழுப்பினால் விழிக்காமை என்றால் நேரே மருத்துவமனை. கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டுவதுண்டு. அதனால் எண் நன்றாக இருந்து ஆள் சோர்ந்திருந்தால் ஆளை நம்புங்கள்.

அடுத்தது மருந்து. அவருக்குத் தொற்றினால், நிர்மாட்ரெல்விர், ரிட்டோனாவிர் சேர்ந்த கொரோனா மாத்திரையை அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் சில ஸ்டேடின்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் சில மருந்துகள் ஆகியவற்றோடு அது மோதும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். பாசிட்டிவ் வந்த பிறகு மாத்திரை அட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தால் அதிலேயே ஒரு நாள் போய்விடும். அவர் சாப்பிடும் எல்லா மருந்தின் பெயரும் அளவும், கடைசியாக எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எண்ணும் ஒரு தாளில் எழுதி இன்றைக்கே மருத்துவரிடம் காட்டிக் கேட்டு வையுங்கள். ஸ்டெராய்டு மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆக்சிஜன் தேவைப்படும் நிலையில்தான் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு பயன் தந்தது. தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை, சர்க்கரை உள்ளவருக்கு அது சர்க்கரையை ஏற்றிவிடும்.